இன்ஜின் ஏற்றும் நாளுக்கு முன்னால்

ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் இன்ஜினை அதன் இடத்தில் உட்காரவைக்க, பழகிய இரண்டு பேருக்கு அரை நாள் போதும். பழைய கார் புதுப்பிக்கும் தொழிலுக்கு வர ஆசைப்படுகிற பிள்ளைகள் பெரும்பாலும் அந்த அரை நாளைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். கார்க்காரர் கூலி கொடுப்பதோ அதற்கு முந்தைய மாதங்களுக்கு. எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று எழுதிவைத்தவர், கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்தவர், புது பிஸ்டன் கைக்கு வரும்வரை பிளாக்கைப் போரிங்குக்கு அனுப்பாமல் பொறுத்திருந்தவர்: இவருக்குத்தான் இந்தத் துறையில் வேலை ஓயாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அளந்து எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். அந்தச் சிறிய கூட்டத்தில் சேர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்த வண்டியில் கற்பது?

ஹெரால்டைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் தயாரித்த வண்டி அது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி. பின்னால் வந்த நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உருவானது. கற்க வருகிறவருக்கு இந்த வண்டி தருகிற வசதி வேறெதிலும் கிடைப்பது கஷ்டம். தனிச் சேஸி. பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். கவிழ்த்துவிட்டால் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் கை வைக்கலாம். கியர்பாக்ஸைக் கழற்ற வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை. உள்ளே அதை மூடியிருக்கும் கூண்டைக் கழற்றினால், சீட் பக்கமாகவே வெளியே எடுத்துவிடலாம். 948 சிசி, நாலு சிலிண்டர், மூன்றே மெயின் பேரிங். ஒரு இன்ஜினின் உள்ளமைப்பு முழுவதையும் மனத்தில் பதியவைக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

உதிரிபாகம் எளிதில் கிடைக்க வேண்டும் என்றால் அம்பாசடர். வங்காளத்தின் உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை ஓடிய தயாரிப்பு. 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு இன்னும் பிஸ்டன் செட், பேரிங், கேஸ்கட் தேடிப் பிடிக்கலாம். மூன்றாவது, ஃபியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினி, 1089 சிசி. இந்த மூன்றிலும் ஃபயரிங் ஆர்டர் ஒன்றுதான்: 1-3-4-2. ஆனால் போல்ட்டுகள் ஒன்றல்ல. ஹெரால்டும் அம்பாசடரும் அங்குலக் கணக்கு, பத்மினி மில்லிமீட்டர் கணக்கு. அங்குலத் துளையில் மெட்ரிக் போல்ட்டை அழுத்திச் சுற்றி மரை கெட்டுப்போன பிளாக்குகள் பட்டறைகளில் ஏராளம். முதல் சம்பளத்தில் இரண்டு வகை ஸ்பேனர் செட்டும், ஒரு மரை அளவுகோலும் வாங்குங்கள். டார்க் ரெஞ்சும் ஃபீலர் கேஜும் அடுத்த சம்பளத்தில்.

படிப்பைப் பொறுத்தவரை ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு மெக்கானிக் மோட்டார் வெஹிகிள் பிரிவு நல்ல அடித்தளம். அதை முடித்தவர்களுக்கு அப்ரெண்டிஸ் பயிற்சியும் கிடைக்கும். ஆனால் இன்றைய வகுப்பில் கணினி வைத்த இன்ஜின்கள்தான் முக்கால்வாசி இருக்கும். பாயிண்ட், கண்டென்சர், கார்புரேட்டர் இவற்றைக் கற்க, அறுபது வயதைக் கடந்த ஒரு மேஸ்திரியிடம் போய் உட்கார வேண்டும். அவர்கள் காதால் டியூனிங் செய்வார்கள். அதைக் கற்றுக்கொள்ளுங்கள், கூடவே அவர்கள் காதால் செய்வதை நீங்கள் டைமிங் லைட் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். அந்த அறிவு எங்கும் அச்சாகவில்லை, அவர்களோடு போய்விடக்கூடியது.

கழற்றுவதற்கு முன் அளந்துவிடுங்கள்

வண்டி பட்டறைக்குள் வந்ததும் கை துறுதுறுக்கும். ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள். இன்ஜின் ஓடும் நிலையில் இருந்தால், ஓடும்போதே தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய. நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் கேஜ் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்று குறைந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடியும் அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். சூடான இன்ஜினில் ஆயில் பிரஷர் எவ்வளவு, புகையின் நிறம் என்ன, எந்த வேகத்தில் எங்கிருந்து சத்தம் என எல்லாவற்றையும் ஜாப் கார்டில் எழுதிக் கார்க்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஹெரால்டில் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்ச் பெடலை மிதித்து மிதித்து விடட்டும். இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். பின் மெயின் பேரிங்கின் இருபுறமும் அரை வட்டமாக உட்கார்ந்திருக்கும் சின்னத் தகடுகள் அவை. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்கின் தள்ளலைத் தாங்குவது அவைதான். தேய்ந்து மெலிந்தால் கழன்று ஆயில் சம்ப்பில் விழும். அதற்குப் பிறகு கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். சில நூறு ரூபாய்ப் பொருளைக் கவனிக்காததால் பிளாக்கே வீணாகிற கதை இது. புது வாஷர் போடும்போது பள்ளம் இருக்கும் பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் புதியதும் சீக்கிரம் தேய்ந்துவிடும். போட்டபின் கிராங்கின் முன்பின் நகர்வை டயல் கேஜ் வைத்து அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

பிறகுதான் கழற்றுவது. ஒவ்வொரு ஒயருக்கும் சீட்டு. ஒவ்வொரு தொகுதிக்கும் தனிப் பை, பை மேல் பெயரும் தேதியும். கழற்றும் முன்னும் பின்னும் படம். பேரிங் கேப், கனெக்டிங் ராட், புஷ் ராட், டாப்பெட் எல்லாம் எந்த இடத்திலிருந்து வந்தனவோ அங்கேயே திரும்பப் போக வேண்டியவை. ஒரு மரப் பலகையில் வரிசையாகத் துளை போட்டு எண்ணிட்டு வைத்தால் குழப்பமே வராது. வண்டி ஒரு வருடம் காத்துக்கிடக்கலாம். கழற்றியவர் வேலையை விட்டே போயிருக்கலாம். அடுத்தவர் வந்து நோட்டைப் பார்த்து மாட்ட முடிய வேண்டும்.

பழைய கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள். நுரையீரலுக்குள் போன அந்தத் தூசி பல்லாண்டுகள் கழித்து நோயாக வரும். பெட்ரோல் டாங்க்கில் ஓட்டை என்றால் காலியாக இருக்கிறதே என்று வெல்டிங் வைக்கவே வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் ஆவி போதும் வெடிக்க.

லேத் பட்டறைக்குப் போகும்போது

இங்கேதான் பணம் வீணாவதும் மிச்சமாவதும். பிஸ்டன்கள் வழக்கமாக அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்ற கூடுதல் அளவுகளில் வரும். போர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, கிடைக்கிற பிஸ்டன் எது என்று பார்த்து, அதைக் கையில் வாங்கியபிறகே போரிங்குக்குக் கொடுங்கள். முதலில் போரிங் முடித்துவிட்டுப் பிஸ்டன் தேடப் போனால், கிடைக்காத அளவில் மாட்டிக்கொண்டு ஸ்லீவ் போடத்தான் வழி. கிராங்க் கிரைண்டிங்குக்கும் இதே விதி, பேரிங் முதலில். ஹெரால்டின் 948 சிசி பாகங்களுக்குச் சென்னையின் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு கடைகளில் அலைய நேரும். இங்கிலாந்திலிருந்து தருவிக்கவும் நேரும். அந்த அலைச்சலும் வேலைதான். எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதுங்கள்.

ஹெட்டைப் பிரித்திருக்கும்போதே பெட்ரோலைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. வால்வும் சீட்டும் மோதும் இடத்தில் அந்த ஈயம்தான் மெத்தையாக இருந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல். வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் சீட்டுகள் மெல்ல உள்வாங்கும். கெட்டிப்படுத்திய சீட் வளையம் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீரும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம்வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், ஃப்யூயல் பம்ப் டயஃப்ரம், கார்க் கேஸ்கட் எல்லாவற்றையும் எத்தனால் பதம் பார்க்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, மாற்றிய தேதியை எழுதி வையுங்கள். பிளாக் வெளியே இருக்கும்போதே கோர் பிளக்குகளையும் மாற்றுங்கள். இன்ஜின் ஏறியபிறகு பின்பக்கப் பிளக் ஒழுகினால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும்.

ஏற்றும் நாள்

முந்தைய மாலையே பானெட்டைக் கழற்றி ஓரமாக வைத்து, மட்கார்டு தனியாக நிற்கும் வண்டிகளில் அவற்றின் ஓரங்களுக்குப் போர்வை போட்டு, மவுண்டிங் ரப்பர்கள் புதியவையா என்று பார்த்துவிடுங்கள். கிளட்ச் பிளேட்டை நடுவாக நிறுத்துவது மிக முக்கியம். பழைய கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தால் அதைச் செருகிப் பிரஷர் பிளேட்டை முறுக்குங்கள். கிடைக்காவிட்டால் லேத்தில் அதே அளவில் ஒரு மரக் கட்டை கடைந்துகொள்ளலாம். பிளேட் ஒரு நூல் தள்ளியிருந்தாலும் ஷாஃப்ட் உள்ளே போகாது. போகாதபோது போல்ட் போட்டு இழுத்து இறுக்குவதுதான் பொதுவாக எல்லாரும் செய்கிற காரியம். அதில் கிளட்ச் பிளேட்டின் நடு வளைந்துவிடும், அல்லது கியர்பாக்ஸின் காது உடையும். கையால் தள்ளிப் பொருந்தும்வரை போல்ட் போடக் கூடாது. கடைசி ஓர் அங்குலத்துக்கு கிராங்கை மெல்லத் திருப்பினால் பற்கள் ஒன்றோடொன்று சேரும். சேரும்வரை இன்ஜினின் எடையோ கியர்பாக்ஸின் எடையோ அந்த ஷாஃப்ட்டில் தொங்கவே கூடாது. கீழே ஜாக்கி கொடுத்துத் தாங்குங்கள்.

செயின் பிளாக்கின் கொக்கி எந்த மரத்தில், எந்த பீமில் மாட்டியிருக்கிறது என்று பார்ப்பது பட்டறையில் இளையவரின் உரிமை. சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள். தொங்கும் இன்ஜின் நூறு கிலோவுக்கு மேலான இரும்பு. அதற்கு அடியில் கையோ காலோ தலையோ ஒரு நொடிகூட இருக்கக் கூடாது. ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். "இறக்கு", "நிறுத்து", இந்த இரண்டு சொல் போதும்.

உட்கார்ந்ததும் மவுண்டிங் போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, எல்லாம் நேரானபிறகு முறுக்குங்கள். அடுத்து பலர் மறக்கிற ஒரு சின்னப் பொருள்: எர்த் ஸ்ட்ராப். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது; சேஸியோடு அதற்கு மின் தொடர்பு அந்தப் பின்னல் பட்டை வழியாகத்தான். அதை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைத் திருப்பினால் அத்தனை கரண்டும் சோக் கேபிள் வழியாகவோ ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவோ திரும்பப் பார்க்கும். கேபிள் பழுக்கக் காய்ந்து புகையும். அந்தக் காலப் பிரிட்டிஷ் கார்களில் பல, பாசிட்டிவ் எர்த். பாட்டரியை மாட்டும் முன் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். காய்ந்த பேரிங்கில் முதல் சில விநாடிகள் செய்கிற சேதத்தை அப்புறம் எந்த ஆயிலும் சரிசெய்யாது. புது கேமும் டாப்பெட்டும் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம் ஓட்டுங்கள். கேம் ஆயிலைத் தெறித்து வாங்குவது வேகத்தில்தான். இந்த வகைத் தட்டை டாப்பெட்டுக்கு துத்தநாகம் போதுமான அளவுள்ள ஆயில் வேண்டும்; இன்றைய கார்களுக்கான ஆயில்களில் அதைக் குறைத்திருக்கிறார்கள். பக்கத்தில் தீயணைப்பான், கதவுகள் திறந்தே, ஒருவர் கண் டெம்பரேச்சர் கேஜில்.

கார்க்காரர், காகிதம், கூலி

"மேஸ்திரி, தீபாவளிக்குள்ள முடிஞ்சிடுமா?" இந்தக் கேள்வி எல்லா வண்டிக்கும் வரும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அன்றே உங்கள் பெயர் பாதி கெட்டது. கழற்றிப் பார்க்க ஒரு தொகை, இன்ஜின் வேலைக்கு ஒன்று, டிங்கரிங்குக்கு ஒன்று என்று கட்டம் கட்டமாக எஸ்டிமேட் கொடுங்கள். ஒரு கட்டம் முடிந்து கணக்குத் தீர்ந்தபிறகே அடுத்தது. மொத்தத்துக்கு ஒரே தொகை பேசுவது இரு பக்கத்துக்கும் அநியாயம். துருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அப்பா ஓட்டிய வண்டி, தாத்தா வாங்கிய வண்டி என்று வருகிறவர்கள் அதிகம். அவர்களுக்குப் படமும் அளவும் கொண்ட ஒரு கோப்பு கொடுங்கள். வண்டி மதிப்பைக் காட்டுகிற ஆவணம் அது, அடுத்த வேலைக்கு உங்களைச் சிபாரிசு செய்வதும் அதுதான்.

அந்தக் கால இன்ஜின்கள் பலவற்றில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கிலேயே வெட்டிய திருகுப் பள்ளம் ஆயிலை உள்ளே திருப்பிவிடும். நின்ற இடத்தில் ஒன்றிரண்டு சொட்டு விழலாம். இதை வேலை தொடங்கும் முன் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு கோரிக்கையும் வரும்: "பழசு எதுக்கு, டீசல் இன்ஜின் ஒண்ணு மாட்டிக் குடுங்க." அம்பாசடர்களில் அப்படி எத்தனையோ செய்திருக்கிறார்கள். நான் வேண்டாம் என்றே சொல்வேன். சேஸி, மவுண்டிங் எல்லாவற்றையும் வெட்டிய வண்டி பழைய நிலைக்குத் திரும்பாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கும் 52ஆம் பிரிவில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. இன்ஜின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. எந்த வேலையையும் தொடங்கும் முன் இன்ஜின் எண், சேஸி எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் படம் எடுங்கள். எண் ஒத்துப்போகாத வண்டியைக் காகிதம் சரியாகும்வரை தொடாதீர்கள்.

50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. பதிவு எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்தாண்டு செல்லும். சேஸி, உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத, மூல நிலையில் உள்ள வண்டிக்கே அது கிடைக்கும். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. டீசல் மாட்டச் சொல்பவரிடம் இந்த விதியை எடுத்துக் காட்டுங்கள். அசல் இன்ஜினைக் காப்பாற்றியதற்கு உங்கள் கோப்பு சாட்சியாக நிற்கும்.

வேலை தேடுகிறவர்கள் இன்ஜினோடு நின்றுவிட வேண்டாம். வயரிங் ஹார்னஸ் புதிதாகக் கட்டத் தெரிந்தவர், தகட்டைத் தட்டி உருவம் எடுக்கிறவர், அப்ஹோல்ஸ்டரி தைப்பவர், பழைய கேட்டலாகைப் படித்து உதிரிபாக எண் கண்டுபிடிக்கிறவர் எல்லாருக்கும் இதில் இடம் உண்டு. கடைசி இரண்டிலும் பெண்கள் சுலபமாக நுழையலாம் என்று சொல்வார்கள். நான் இன்ஜின் மேசைக்கே வாருங்கள் என்பேன். மைக்ரோமீட்டர் பிடிக்கத் தோள்பலம் தேவையில்லை, தூக்குவதற்குச் செயின் பிளாக் இருக்கிறது. கோவை அவினாசி சாலையில் ஜீடி கார் மியூசியத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். புதுப்பித்த வண்டி எப்படி முடிந்திருக்க வேண்டும் என்பதைப் பார்த்த கண்ணுக்கும் பார்க்காத கண்ணுக்கும் பட்டறையில் வித்தியாசம் தெரியும். பட்டறைக்கு வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு உங்கள் நோட்டையும் கொண்டுபோங்கள். நல்ல மேஸ்திரி முதலில் புரட்டுவது அதைத்தான்.

எஸ்டிமேட்டின் கடைசி வரியாக 500 கிலோமீட்டர் சர்வீஸை எழுத மறக்காதீர்கள். ஹெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் செய்வது, டாப்பெட் இடைவெளி பார்ப்பது, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது, மவுண்டிங்கையும் எர்த் ஸ்ட்ராப்பையும் இன்னொரு முறை முறுக்குவது. இதற்கான கூலியை முன்பே சேர்த்து வாங்கிவிடுங்கள். அப்போதுதான் வண்டி அதற்காக உங்களிடமே திரும்பி வரும். வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி, அதில் உலோகப் பொடி மின்னுகிறதா என்று கார்க்காரரையும் கூட்டிவைத்துப் பார்த்து, பார்த்ததைக் கோப்பில் எழுதுங்கள்.